தன் காலால் நடந்து களம் புகுந்த வண்டி

2011-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தலைநகரில் வாழும் தமிழராகிய நம்மிற் சிலர் அன்று யமுனையைக் கடந்து கிரேட்டர் நொய்டாவிற்குச் சென்றோம். இந்திய மண்ணில் முதன்முறையாக நடைபெற்ற ஃபார்முலா ஒன் மோட்டார்ப் பந்தயத்தைக் காண்பதே நம் நோக்கம். புத்தர் பெயரைத் தாங்கிய அப் பந்தயச் சாலை 5.125 கிலோமீட்டர் நீளமும் 16 வளைவுகளும் உடையது. ஜெர்மானியராகிய செபாஸ்டியன் வெட்டல் அன்று வெற்றி பெற்றார். ஆயினும் நம் கண்கள் மிகுதியும் தேடியது வேறொரு வண்டியை. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அதனைச் செலுத்தினார். பதினேழாவதாக வந்து சேர்ந்தாலும், தம் நாட்டில் நடந்த முதற்பந்தயத்தில் ஓடி முடித்த ஒரே இந்தியர் அவரே என்ற பெருமை அவருக்கு உண்டு.

வீடு திரும்பும் வழியில் நமக்குள் ஒரு வினா எழுந்தது. அன்று ஓடிய வண்டிகளில் ஒன்றேனும் தன் சக்கரங்களால் உருண்டு அக் களத்திற்கு வந்ததா? இல்லை. இரண்டு வாரங்களுக்கு முன்னர்த் தென்கொரியாவில் ஓடி முடித்த அவ் வண்டிகள், உறுப்புறுப்பாகப் பிரிக்கப்பட்டு, பெட்டிகளில் அடுக்கப்பட்டு, விமானத்தில் ஏறி வந்தவை. நம் சாலைகளில் ஓட அவற்றிற்கு உரிமையும் இல்லை, தகுதியும் இல்லை. முகப்பு விளக்கு இல்லை; சேறு தடுக்கும் தகடு இல்லை; மழைக்கு மேற்கூரை இல்லை. உலகில் மிக விரைவாக ஓடக்கூடிய வண்டிகளுள் ஒன்றிற்கு, தெருவில் உள்ள பலசரக்குக் கடை வரையிற் சென்று வரும் ஆற்றல் இல்லை என்பது எத்துணை வியப்பு!

என்றும் இப்படித்தான் இருந்ததா? புதிய விரைவு வண்டி ஒன்றை வாங்கி, அதிலேயே பயணப்பெட்டியையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலை வழியே பந்தயக் களத்திற்குச் சென்று, அதே வண்டியைப் பந்தயத்தில் ஓட்டியவர்கள் இருந்தனரா? இருந்தனர். அவர்தம் வரலாற்றை ஒருவாறு தொகுத்துரைப்பதே இக் கட்டுரையின் நோக்கம்.

சாலையே களமாக இருந்த காலம்

மோட்டார் வண்டி பிறந்த புதிதில் பந்தயக் களம் என்று தனியே ஒன்று இல்லை. ஊருக்கு ஊர் செல்லும் பெருஞ்சாலையே களம். 1894-ஆம் ஆண்டு பாரிசிலிருந்து ரூவான் நகருக்கு வண்டிகள் ஓடின. மறு ஆண்டு பாரிசிலிருந்து போர்தோ சென்று மீளும் பந்தயம் நடந்தது. எமீல் லெவாசோர் என்பவர் ஏறத்தாழ 1,178 கிலோமீட்டர்த் தொலைவைத் தாம் ஒருவராகவே ஓட்டி, 48 மணி 48 நிமிடத்தில் முதலாவதாக வந்து சேர்ந்தார். இரண்டு பகல்களும் இரண்டு இரவுகளும் உறங்காத மனிதர் அவர். வண்டியில் இரண்டே இருக்கைகள் இருந்தமையால், விதிப்படி முதற்பரிசு அவருக்குக் கிட்டாமற் போயிற்று. நான்கு இருக்கை கொண்ட வண்டியே மக்களுக்குப் பயன்படும் என்று அன்றைய நடுவர்கள் எண்ணினர். பயன்பாட்டையும் விரைவையும் ஒரே தராசில் வைத்து நிறுத்த காலம் அது.

அக் காலத்திற்கு முடிவு விரைவில் வந்தது. 1903-ஆம் ஆண்டு மே திங்கள் 24-ஆம் நாள் பாரிசிலிருந்து மாட்ரிட் நோக்கிப் பந்தய வண்டிகள் புறப்பட்டன. வழிநெடுக மக்கள் திரண்டு நின்றனர். புழுதிப்படலம் கண்ணை மறைத்தது. ஒரு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரி விரைவில் வந்த வண்டி எப்படிப்பட்டது என்பதை அம் மக்கள் அறியார். ஓட்டுநர் சிலர் மாண்டனர். வேடிக்கை பார்த்தோரும் மாண்டனர். ரெனோ நிறுவனத்தைத் தோற்றுவித்த உடன்பிறந்தாருள் ஒருவராகிய மார்செல் ரெனோவும் அப் பந்தயத்தில் உயிர் நீத்தார். அரசாங்கம் போர்தோ நகரிலேயே பந்தயத்தை நிறுத்திவிட்டது. எஞ்சினை இயக்கவும் அனுமதி மறுக்கப்பட்டு, வண்டிகளைக் குதிரைகள் கட்டி இரயில் நிலையத்திற்கு இழுத்துச் சென்றனர் என்பர்.

அன்றோடு சாலை வேறு, களம் வேறு என்ற எண்ணம் வேரூன்றியது. ஐரோப்பாவில், சில சாலைகளைச் சுற்றுவட்டமாகத் தேர்ந்து, பொதுப் போக்குவரத்தை நிறுத்தி, அவற்றில் மட்டும் பந்தயம் நடத்தினர். இங்கிலாந்தில் அதற்கும் இடமில்லை. 1904-ஆம் ஆண்டு முதல் அந் நாட்டுச் சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டுதல் குற்றம். ஆகவே லாக் கிங் என்னும் நிலக்கிழார் தம் நிலத்திலேயே, வெய்பிரிட்ஜ் என்னும் ஊருக்கு அருகே, சரிந்த மதில் போன்ற வளைவுகளை உடைய புரூக்லண்ட்ஸ் பந்தயக் களத்தைக் கட்டினார். 1907-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அது திறக்கப்பெற்றது. மோட்டார்ப் பந்தயத்திற்கென்றே கட்டப்பெற்ற முன்னோடிக் களம் அது.

களம் தனித்தது, ஆனால் வண்டி இன்னும் தனிக்கவில்லை. களத்திற்குச் செல்லும் வழி, பலருக்கும் சாலை வழியே ஆகும்.

ஓநாய்களின் நடுவே ஒரு பயணம்

இன்று உலகமெலாம் அறிந்த பெயர் ஃபெராரி. அப் பெயருக்குரிய என்ஸோ ஃபெராரி 1919-ஆம் ஆண்டில் இருபத்தொரு வயது இளைஞர். முதல் உலகப்போர் முடிந்து ஓராண்டு. மிலான் நகரில் சி.எம்.என். என்ற சிறு நிறுவனத்தில் வேலை. அந் நிறுவனத்தின் வண்டியில், தம் நண்பர் உகோ சிவொச்சியோடு, சிசிலித் தீவில் நடக்கும் டார்கா ஃபுளோரியோ பந்தயத்திற்குப் புறப்பட்டார். வண்டியை ஏற்றிச் செல்ல லாரி இல்லை. உடன்வரப் படை போன்ற பணியாளர் இல்லை. பந்தயத்தில் ஓட வேண்டிய வண்டியே பயணத்திற்கும் உரியது.

இத்தாலியின் வடபகுதியிலிருந்து நேப்பிள்ஸ் துறைமுகம் வரை சாலை வழியே சென்று, அங்கிருந்து கப்பலேற வேண்டும். நவம்பர்த் திங்கள். அபுருட்சி மலைப்பகுதியில் பனிப்புயல் அவர்களை மறித்தது. வண்டி பனியிற் சிக்கிற்று. ஓநாய்க் கூட்டமொன்று நெருங்கியதாகவும், தாம் எப்பொழுதும் இருக்கையின் மெத்தைக்கு அடியில் வைத்திருந்த கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டதாகவும், சாலைக் காவல் செய்யும் தொழிலாளர் தீப்பந்தங்களோடும் துப்பாக்கிகளோடும் வந்து காத்ததாகவும் ஃபெராரி தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். முதுமையில் எழுதிய குறிப்பாதலால் ஓநாய்களின் எண்ணிக்கை சிறிது கூடியும் இருக்கலாம். பனியும் இருளும் அச்சமும் மெய்யே.

இத்துணை இடர்ப்பட்டுச் சென்றவருக்குக் களத்தில் கிடைத்தது என்ன? மலைச்சாலையில் ஒரு சுற்று 108 கிலோமீட்டர், நான்கு சுற்றுகள். இறுதிச் சுற்றில் கம்பொஃபெலிச்சே என்னும் சிற்றூரை அடைந்தபோது காவலர்கள் வண்டியை நிறுத்தினர். முன்னாள் முதலமைச்சர் ஓர்லாண்டோ அங்கே சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். பேச்சு முடியும் வரை காத்திருக்க வேண்டும் என்பது ஆணை. அரசியல்வாணரின் பேச்சு எந் நாட்டில் விரைவில் முடிந்தது? முடிந்த பின்னும் அவருடைய ஊர்வலத்தின் பின்னால் மெல்ல ஊர்ந்து செல்ல நேர்ந்தது. எல்லைக்கோட்டை அடைந்தபோது காலக் கணிப்பாளர்கள் இரயிலேறிப் போய்விட்டனர். ஒரு காவலர் மட்டும் மணியடிக்கும் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு, வந்தவர்களின் நேரத்தை நிமிடக் கணக்கிற் குறித்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் ஃபெராரி பந்தயத்தின் தலைவர் வின்சென்ஸோ ஃபுளோரியோவிடம் முறையிட்டு, ஒன்பதாம் இடத்தைப் பெற்றார்.

ஒன்பதாம் இடம் பெரிய வெற்றியன்று. ஆனால் மலையையும் பனியையும் தாண்டி வந்த அதே வண்டி, 432 கிலோமீட்டர் மலைச்சாலைப் பந்தயத்தையும் தாங்கிற்றே, அதுவன்றோ அவ் வண்டி தந்த சான்று!

இரவைச் சோதித்த பந்தயம்

பிரெஞ்சு நாட்டின் மேற்குப் பகுதியில் லெ மான் என்ற நகரம் உள்ளது. 1906-ஆம் ஆண்டில் முதலாவது பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயம் அந் நகரை அடுத்தே நடைபெற்றது. 1922-ஆம் ஆண்டில் அந்நகர் மோட்டார்க் கழகச் செயலர் ஜார்ஜ் துராந், இதழாளர் ஷார்ல் ஃபாரூ, சக்கர நிறுவனமொன்றின் சார்பாளர் எமீல் கொக்கீ ஆகிய மூவரும் கூடி ஒரு புதுப் பந்தயத்தைத் திட்டமிட்டனர்.

அவர்களுடைய எண்ணம் எளியது, ஆனால் ஆழ்ந்தது. மக்கள் விலைகொடுத்து வாங்கும் வண்டி எத்தகையது? அதன் மின்விளக்கு இரவு முழுதும் எரியுமா? குளிரில் எஞ்சின் உடனே இயங்குமா? மழையில் ஓடுமா? ஒரு மணி நேரம் ஓடும் பந்தயம் இவ் வினாக்களுக்கு விடை தராது. ஒரு பகலும் ஓர் இரவும், அஃதாவது 24 மணி நேரம், இடைவிடாது ஓடினால் விடை கிடைக்கும். தனியே செய்த பந்தய வண்டிகளுக்கு அங்கு இடமில்லை. விற்பனைக்குரிய வண்டியே வேண்டும். விளக்கு, சேறு தடுக்கும் தகடு, மேற்கூரை யாவும் வேண்டும். பெரிய வண்டியாயின் நான்கு இருக்கைகள் இருத்தல் வேண்டும். ஆள் அமராத இருக்கைக்கு ஈடாக எடைமூட்டை ஏற்ற வேண்டும். வழியிற் பழுது நேரின் ஓட்டுநரே தம் கையாற் செப்பனிட வேண்டும். லெவாசோருக்குப் பரிசு மறுத்த பழைய நடுவர்களின் மனம் மீண்டும் உயிர்பெற்றது போலும்!

புதிய வண்டியும் பொறுமையற்ற மனிதரும்

இங்கிலாந்தில் வால்டர் ஓவன் பென்ட்லி என்பார் 1919-ஆம் ஆண்டில் ஒரு மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். இரயில்வே தொழிற்கூடத்திற் பயின்றவர்; போர்க்காலத்தில் விமான எஞ்சின்கள் அமைத்தவர். அவருடைய முதல் வண்டி 3 லிட்டர்க் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடையது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள், இரண்டு தீப்பொறிச் செருகிகள். 1921-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் முதல் வண்டி வாடிக்கையாளர் கைக்குச் சென்றது. புதிய நிறுவனம்; புதிய வண்டி; பெயர் இன்னும் நிலைபெறவில்லை.

அந் நிறுவனத்தின் வண்டிகளை லண்டனில் விற்றவர்களுள் ஒருவர் ஜான் டஃப். பெற்றோர் கனடா நாட்டினர். பிறந்தது சீன நாட்டில். முதல் உலகப்போரிற் போரிட்டவர். 1922-ஆம் ஆண்டு செப்டம்பரில் புரூக்லண்ட்ஸ் களத்தில் ஒரு பென்ட்லியைத் தாம் ஒருவராகவே, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு நாள் ஓட்டி, மணிக்கு 86 மைலுக்கு மேற்பட்ட சராசரி விரைவில் 2,000 மைலுக்கு மேல் கடந்து சாதனை நிறுவினார்.

லெ மானில் புதுப் பந்தயம் நடக்கவிருக்கும் செய்தி அவர் செவிக்கு எட்டியது. தம் வண்டியோடு அங்குச் செல்ல முடிவு செய்தார். பென்ட்லியிடம் உதவி கேட்டார். அவருக்கோ இதில் நம்பிக்கை இல்லை. எந்த வண்டியும் இருபத்துநான்கு மணி நேரம் அவ்வாறு ஓட்டப்படுவதற்காக அமைக்கப்படவில்லை. இது பித்துக்கொண்ட செயல் என்பது அவர் கருத்து. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் இழிவு யாருக்கு? ஓட்டியவருக்கன்று, வண்டியின் மேல் எழுதிய பெயருக்கு. இளம் நிறுவனத்தால் அந்த இழிவைத் தாங்க இயலுமா என்ற அச்சம் அவருக்கு இருந்திருத்தல் வேண்டும். ஆயினும் கேட்டவரை மறுக்கவில்லை. வண்டியைச் செப்பனிட்டுக் கொடுத்தார். தம் நிறுவனத்தின் ஓட்டுநராகிய ஃபிராங்க் கிளெமென்ட்டையும் உடன் அனுப்பினார்.

கருவிகளும் மாற்று உறுப்புகளும் வண்டியிலேயே ஏறின. இங்கிலாந்தின் சாலையில் ஓடி, ஆங்கிலக் கால்வாயைக் கப்பலிற் கடந்து, பிரெஞ்சுச் சாலையில் மீண்டும் ஓடி அவ் வண்டி லெ மான் சென்று சேர்ந்தது. ஈண்டு நாம் ஒன்றை நினைத்துப் பார்த்தல் வேண்டும். அன்றைய இங்கிலாந்தின் சட்டப்படி, அச் சாலைகளில் அவ் வண்டி மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓடுதல் கூடாது. அதனைப் போல் நான்கு மடங்கு விரைந்து செல்ல வல்ல வண்டி அது. சாலையில் அடக்கம், களத்தில் ஆற்றல். ஒரே வண்டியிடம் இரண்டையும் எதிர்பார்த்தது அக் காலம்.

ஒற்றை விளக்கும் ஒரு மிதிவண்டியும்

1923-ஆம் ஆண்டு மே திங்கள் 26-ஆம் நாள் சனிக்கிழமை, மாலை 4 மணி. 33 வண்டிகள் அணிவகுத்தன. பெல்ஜிய நாட்டு வண்டிகள் இரண்டு. ஆங்கில வண்டி ஒன்றே ஒன்று. ஏனைய யாவும் பிரெஞ்சு நாட்டவை. புறப்படும் வேளையிலேயே மழை; மழையோடு ஆலங்கட்டி. சுற்றுவட்டத்தின் நீளம் 17.262 கிலோமீட்டர். நகரின் எல்லையிலுள்ள பொன்லியூ வரை வந்து கூர்ந்து திரும்பி, நெடிய நேர்ச்சாலையில் முல்சான் சென்று, அர்னாஜ் வழியே மீளும் சாலை அது. வேறு நாட்களில் உழவர் வண்டிகளும் சந்தைக்குச் செல்வோரும் நடமாடிய சாலையே அது. சல்லிக்கற்கள் சக்கரத்தில் அடிபட்டுத் தெறித்துப் பின்வரும் வண்டிகளின் மேல் பாய்ந்தன.

நம்பிக்கையற்றிருந்த பென்ட்லி இறுதி நேரத்தில் மனம் பொறாது தாமும் லெ மான் வந்து சேர்ந்தார். நள்ளிரவில் மழையில் நனைந்தவாறே, இருளைக் கிழித்துச் சென்ற விளக்குகளைக் கண்டபோது அவர் கருத்து அடியோடு மாறிவிட்டது. இதுகாறும் தாம் கண்ட பந்தயங்களுள் சிறந்தது இதுவே என்று அவர் உணர்ந்தார்.

அவருடைய வண்டியோ துன்பத்தில் இருந்தது. தெறித்த கல்லொன்று முகப்பு விளக்குகளுள் ஒன்றை உடைத்துவிட்டது. எஞ்சிய ஒற்றை விளக்கின் ஒளியில் டஃபும் கிளெமென்ட்டும் மாறி மாறி அவ் விரவைக் கடந்தனர். பிரெஞ்சு வண்டிகள் பலவற்றிற்கு நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருந்தது. பென்ட்லிக்கோ பின்சக்கரங்களில் மட்டும். வளைவுதோறும் அவர்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

பொழுது புலர்ந்தது. முன்னணி வண்டிகளை எட்டிப் பிடிக்கும் நம்பிக்கை பிறந்தது. அப்பொழுது மற்றொரு கல் பெட்ரோல் தொட்டியைத் துளைத்தது. ஓட்டையின் வழியே பெட்ரோல் ஒழுகிப் போய், வண்டி நடுவழியில் நின்றது. டஃப் அங்கிருந்து தம் கூடாரம் வரை சில மைல்கள் கால்நடையாக ஓடி வந்தார். வந்தவர் களைத்து வீழ்ந்தார். கிளெமென்ட் அருகில் நின்ற ஒருவருடைய மிதிவண்டியை வாங்கினார். பெட்ரோல் தகரங்களைத் தோளில் மாட்டிக்கொண்டார். பந்தய வண்டிகள் பாய்ந்து வரும் அதே சாலையில் மிதித்துச் சென்றார். தொட்டியின் ஓட்டையை அடைத்து, பெட்ரோலை ஊற்றி, மிதிவண்டியையும் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பினார். உதவிய பொருளை வழியில் விட்டு வரவில்லை. பந்தயத்தின் பரபரப்பிலும் மாறாத இப் பண்பு நம் நெஞ்சைத் தொடுகிறது.

இதனால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வீணாயிற்று. மீண்டும் களம் புகுந்த கிளெமென்ட், ஒரு சுற்றை 9 நிமிடம் 39 விநாடியில் முடித்து, மணிக்கு 107 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில், அப் பந்தயத்தின் மிகவிரைந்த சுற்றை நிறுவினார். இருபது மணி நேரத்திற்கு மேல் அடிபட்டு, ஒரு விளக்கை இழந்து, தொட்டி ஓட்டையாகி, ஒட்டுப் போட்டுக்கொண்ட வண்டி செய்த செயல் இது!

மறுநாள் மாலை 4 மணிக்குப் பந்தயம் முடிந்தது. லகாஷ், லெயொனார் என்ற இருவர் செலுத்திய ஷெனார் வால்க்கர் வண்டி 128 சுற்றுகள், அஃதாவது 2,209 கிலோமீட்டர், ஓடி முதன்மை பெற்றது. பென்ட்லி 112 சுற்றுகள் ஓடி நான்காம் இடத்தைப் பிறிதொரு வண்டியோடு பகிர்ந்துகொண்டது. இழந்தது 16 சுற்று. ஒரு சுற்றுக்குப் பத்தரை நிமிடம் எனக் கொண்டால், அப் பின்னடைவின் பெரும்பகுதி அந்தக் கல் செய்த ஓட்டையினால் நேர்ந்தது என்பது தெளிவு. புறப்பட்ட 33 வண்டிகளுள் 30 இறுதிவரை நின்றன. மக்கள் வாங்கும் வண்டி ஓர் இரவு தாங்குமா என்ற வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது.

பாடம் கற்ற மறு ஆண்டு

தோல்வியிற் பாடம் கற்போரே வெல்வர். 1924-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் டஃபும் கிளெமென்ட்டும் மீண்டும் லெ மானுக்குச் சென்றனர். இம்முறை நான்கு சக்கரங்களிலும் பிரேக். விளக்குகளின் முன்னே கம்பிவலை. பெட்ரோல் தொட்டியைச் சுற்றிக் கல்லடி தாங்கும் பாய்க்கட்டு. ஒவ்வொன்றும் முந்தைய ஆண்டின் ஒரு துன்பத்திற்கு மருந்து. அவ்வாண்டு விதிகளும் கடுமை பெற்றன. தொடக்கத்திலேயே வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் மேற்கூரையை விரித்துக் கட்டி, அப்படியே சில சுற்றுகள் ஓட வேண்டும். கூரை கிழிந்தால் வண்டி தகுதி இழக்கும். பென்ட்லி 120 சுற்றுகள் ஓடி முதலிடம் பெற்றது.

பின்னர் 1927 முதல் 1930 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அந் நிறுவனமே வென்றது. 1927-இல் ஒரு விபத்திற் சிக்கி நொறுங்கிய வண்டியை டேவிஸ், டாக்டர் பெஞ்சஃபீல்டு ஆகிய இருவரும் விடாது ஓட்டி வென்றனர். லண்டன் சவாய் விடுதியில் நடந்த பாராட்டு விருந்திற்கு அடிபட்ட அவ் வண்டியையே கொண்டு வந்து விருந்தினர் நடுவே நிறுத்தினர். எனினும் வெற்றி வேறு, வாணிகம் வேறு. 1931-ஆம் ஆண்டில் பணமுடையால் நிறுவனம் வீழ்ந்து, ரோல்ஸ் ராய்ஸ் கைக்குச் சென்றது. பித்துக்கொண்ட செயலெனப் பெற்ற பந்தயமே பென்ட்லி என்னும் பெயரை இன்றளவும் வாழவைத்துள்ளது. முதல் வித்திட்ட டஃப் 1926-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்திலும் ஓடி ஒன்பதாவதாக வந்தார். 1958-இல் குதிரையேற்றத்தின்போது நேர்ந்த விபத்தில் மறைந்தார்.

வண்டியும் சாலையும் பிரிந்தன

சாலை வழியே களம் புகும் வழக்கம் உடனே மறையவில்லை. 1951-இல் ஜாகுவார் நிறுவனத்தின் சி-டைப் வண்டிகள் இங்கிலாந்திலிருந்து சாலை வழியே லெ மான் சென்றன. வாக்கர், வொயிட்ஹெட் இருவரும் அவற்றுள் ஒன்றைச் செலுத்தி வென்றனர். 1953-இல் அந் நிறுவனம் வட்டுப் பிரேக் பூட்டிய வண்டிகளால் மீண்டும் வென்றது. இன்று நம் வீட்டு வாயிலில் நிற்கும் சிறு காரிலும் அவ் வட்டுப் பிரேக் உள்ளது. களத்தில் விளைந்தது சாலைக்கு வந்த கதைக்கு இஃதொரு சான்று.

ஆனால் விரைவு பெருகப் பெருக இரண்டும் விலகின. 1955-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் லெ மானில் வண்டியொன்று மோதிப் பார்வையாளர் கூட்டத்திற் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1957-இல் இத்தாலியின் ஆயிரம் மைல் சாலைப் பந்தயத்திற் குழந்தைகள் உள்ளிட்டோர் உயிரிழக்க, அப் பந்தயமும் நின்றது. களத்திற்குச் சுவர் எழுந்தது; வண்டிக்கோ சாலையை மறந்த உடல் அமைந்தது. லாரியும் விமானமும் அதனைச் சுமக்கலாயின.

நம் தாய்நிலத்திலும் இவ் வரலாற்றின் ஒரு துளி உண்டு. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. போர் ஓய்ந்தபின் அதன் ஓடுபாதையில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் பந்தயம் நடத்தினர். ஐம்பதுகள் முதல் எண்பதுகள் வரை இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஓட்டுநர்கள் அங்கு வந்தனர். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் புதிய களம் அமைந்தது. நம்முள் மூத்தோர் சிலருக்குச் சோழவரத்தின் ஓசை இன்னும் செவியில் ஒலிக்கக்கூடும்.

நாம் கொள்ளத்தக்கது

இவ் வரலாறு வெறும் பொழுதுபோக்கன்று. தலைநகருக்கு அருகே புத்தர் பெயர் தாங்கிய பந்தயக் களத்தை ஒட்டியே, ஆக்ரா வரை செல்லும் 165 கிலோமீட்டர் யமுனை விரைவுச்சாலை ஓடுகிறது. 2012-இல் அது திறக்கப்பெற்றது. களத்தின் சுவருக்கு உள்ளே விரைவு கலை. சுவருக்கு வெளியே அதே விரைவு கொலை. புதிய காரை வாங்கிய இளைஞர் சிலர் இவ் வேற்றுமையை மறந்து அச் சாலையைக் களமாக்குகின்றனர். குளிர்காலப் பனிமூட்டத்தில் அங்கு நேரும் விபத்துகளை நாளிதழ்களில் நாம் படித்து வருந்துகிறோம். 1903-இல் பாரிஸ் சாலையில் ஐரோப்பா குருதி சிந்திக் கற்ற பாடத்தை, நாம் மீண்டும் குருதி சிந்தியே கற்றல் வேண்டுமா?

டஃபின் வண்டியை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. அது சாலையிற் சாலைக்குரிய அடக்கத்தோடு சென்றிருக்க வேண்டிய வண்டி. களத்திற் களத்திற்குரிய ஆற்றலைக் காட்டிய வண்டி. அதனை ஓட்டியவர்கள் ஒற்றை விளக்கில் இரவைக் கடந்தனர், கால்நடையாக ஓடினர், கடன்வாங்கிய மிதிவண்டியை மறவாது திருப்பிக் கொணர்ந்தனர். விரைவு அவர்களுடைய பெருமையின் ஒரு பகுதியே. பொறுமையும் பொறுப்பும் மறுபகுதி.

நாமும் தொலைவிலிருந்து வந்தவர்களே. காவிரிக் கரையிலும் பொருநைக் கரையிலும் புறப்பட்டு, இரயிலில் இரு இரவுகள் கழித்து, ஒரு படுக்கைச் சுருளோடு இத் தலைநகரில் வந்து இறங்கியவர்கள் நம் முன்னோர். யாரும் அவர்களைப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்துக் கொணரவில்லை. வழியின் புழுதியும் குளிரும் அவர்களைச் சோதித்தன; சோதனையில் தேறியமையாலேயே இங்கு நிலைபெற்றனர். வழியைத் தாங்கிய வண்டியே களத்தையும் தாங்கும் என்பது பென்ட்லி தந்த பாடம். நம் பிள்ளைகள் எந்தக் களத்திற்குச் சென்றாலும், அங்குச் செல்லும் வழியிலும் நெறி தவறாது, தம் காலால் நடந்து சென்று வெல்க என்று இவ் ஆண்டு விழா நாளில் வாழ்த்துகிறோம்.